கொக்கி போடாதவர்

கிளைப்பெடா துறைமுகம், பிப்ரவரி.
மீன் குளிர்கிடங்கின் மாடியில்
நாற்பத்தெட்டு கணினி, இரண்டு சர்வர்,
காவலுக்கு நான் ஒருத்தி.

முன்பெல்லாம் திருடனைப் பிடிப்பது எளிது.
வேற்றுமையே காட்டிக்கொடுத்துவிடும்.
எங்கள் மொழியில் கூப்பிட்டால் பெயர் வால் மாற்றும்;
அவனுக்கு விளிக்கத் தெரியாது.
"கூப்பிடவே தெரியாதவன்
எனக்கு பில் அனுப்புகிறான் பார்"
என்பாள் கணக்கர் ஸ்டெஃபானியா.
சிரிப்போம். அழிப்போம்.

இந்தக் குளிரில் வந்த கடிதத்தில்
ஒரு பிழை இல்லை.
முதலாளி ராபொலாஸின் பெயரில், அவர் அவசரத்தில்.
முந்தாநாள் முறிந்த கிரேன்கூடத் தெரிந்திருந்தது.
பெர்கனுக்குக் கட்டவேண்டிய தொகை
சதம் பிசகவில்லை,
வங்கிக் கணக்கு எண் மட்டும் புதிது.
எழுத்துகளுக்குக் கீழே கொக்கி,
மேலே புள்ளி, எல்லாம் அதனதன் இடத்தில்.

ஸ்டெஃபானியா பணம் கட்டவில்லை.
ஆறிய தேநீரோடு என் அறைக்கு வந்தாள்.
"இது அவர் இல்லை."
எப்படி?
"பதினேழு வருஷம். அந்த மனிதர்
ஒரு நாளாவது கொக்கி போட்டிருக்கிறாரா?
படகுத்துறையில் நின்று
கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டுத் தட்டுகிறவர்.
இவன் ரொம்ப நன்றாக எழுதுகிறான்."

அன்றிரவு பதிவுகளில் பின்னோக்கி நடந்தேன்.
உள்ளே வந்து முப்பத்தொரு நாள்.
நுழைந்த வாசல்
ஏழாம் குளிரறையின் வெப்பமானி.
பொருத்தியவர்கள் விட்டுப்போன கடவுச்சொல்:
நான்கு பூஜ்யம்.
'மாற்ற வேண்டும்' என்று மஞ்சள் சீட்டு
என் திரையின் ஓரத்தில்,
என் கையெழுத்தில்,
ஆகஸ்டிலிருந்து.

இரண்டு நாற்பதுக்கு வடத்தைப் பிடுங்கினேன்.
கிடங்கு குருடானது.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் எய்மாண்டாஸ்
பழைய கண்ணாடி வெப்பமானியும் பென்சிலுமாய்
அரைமணிக்கொருமுறை உள்ளே போய் வந்து
படிக்கட்டின் அடியிலிருந்து கத்தினான்:
"மைனஸ் இருபத்திரண்டு!"
விடியும்வரை
அந்தக் குரல்தான் எங்கள் நெட்வொர்க்.

காலையில் எல்லோருக்கும் முதலாளியின் குறுஞ்செய்தி.
ஒற்றைச் சொல், நன்றி.
போடவேண்டிய இரண்டு குறியும் இல்லை.
ஸ்டெஃபானியா திரையைத் தொட்டுச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
ஒரு மாதம் எங்கள் அஞ்சலைப் படித்தவன்
இதைக் கவனிக்காமல் விட்டான்.
அடுத்தவன் விடமாட்டான்.
போனில் அழைத்தேன், அவர் குரல்தான்.
குரலையும் இப்போது தைத்துத் தருகிறார்களாம்.

கோட்டை மாட்டிக்கொண்டு
படகுத்துறைக்கு இறங்கிப்போனேன்,
முகம் பார்க்க.
காற்றுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார்.
"ராபொலை" என்று
வால் மாற்றிக் கூப்பிட்டேன்.
திரும்பினார்,
வாயில் கையுறை.