வாய்தா

பனங்கட்டை ஒன்று படகு.
ஒடிந்த பிவிசி குழாய் துப்பாக்கி.
கருவேல முள்ளை வளைத்து வைத்தால் சிறை.
பாசி காய்கிற மணலில்
நாலு மணிக்கு மேல் தினமும் நடக்கும் இது.

முன்பெல்லாம் ரெனிஸ்டன் நேவியாகத்தான் இருப்பான்.
நேவிதான் ஜெயிக்கும், அதனால்.
கையைத் தூக்கச் சொல்லி
சிங்களம் என்று தனக்குத் தோன்றியதையெல்லாம் கத்துவான்.
அவன் அப்பா நின்று பார்த்துச் சிரித்துவிட்டு
ஐஸ் ஏற்றப் போவார்.

ஆவணியில் ஒரு விடிகாலை அவரைப் பிடித்தார்கள்.
நெடுந்தீவுக்குப் பக்கம் என்றார்கள்.
எவ்வளவு பக்கம் என்று கேட்டேன்.
மீன்துறை ஆபீசில் ஒருவர் பேனாவை மூடினார்.

பதினோரு நாள் பையன் மணலுக்கே போகவில்லை.
கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து
சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
ராத்திரி பாய் நனைந்தது.
ஏழு வயசு.
மூத்தவள் ஜெனோவா பேசாமல் அலசிப் போட்டாள்.
'தண்ணிச் செம்பு கவுந்துருச்சுடா' என்றாள் அவனிடம்.
அந்தப் பொய்யை நான் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

மனு எழுதவும் அவளுக்குத் தெரிந்தது.
அனுப்புநர், பெறுநர், பொருள்.
தெருவிளக்கு கேட்டுப் பரீட்சையில் எழுதிப் பழகிய கடிதம்.
விளக்கு இருந்த இடத்தில் அப்பாவை வைத்தாள்.
தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில் மட்டும் ஆறு வீடு
அவளிடம் எழுதி வாங்கிப் போனது.
டயானா அக்கா தாளை எட்டிப் பார்த்து
'பொருள்ங்குற எடத்துல
எல்லாப் பொருளும் போச்சுன்னு எழுதேன்டி' என்றாள்.
சிரித்துவிட்டோம். அந்த மாதத்தில் அது ஒரு தடவை.

வடகடல் அவரை வாங்கிக்கொண்டது.
நான் தென்கடலில் இறங்கினேன்.
விரலுக்குத் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி,
மூச்சைப் பிடித்துப் பாறையில் பாசி பறித்தேன்.
கிலோ என்ன விலை என்று கேட்காதீர்கள்.
தண்ணீருக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது என்பார்கள்.
அழ முடியாது.
கண்ணாடி மங்கிவிடும்.

பிள்ளைகளுக்கு மனத்தெம்பு தருவதற்கென்று
மதுரையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார்.
ரப்பர் பந்தைத் தரையில் அடித்து,
விழுந்தால் இப்படி எழணும் என்றார். நல்ல மனுஷி.
ரெனிஸ்டன் அந்தப் பந்தைப் பொறுக்கி
டவுசர் பையில் போட்டுக்கொண்டான்.
திருப்பித் தரவில்லை.

புரட்டாசியில் சிறையிலிருந்து போன் வந்தது.
மூன்று நிமிஷம்.
படகைக் கேட்பார், வட்டியைக் கேட்பார் என்று
கணக்கு நோட்டோடு நின்றேன்.
'சாப்பிட்டியா' என்றார்.
பிள்ளைகளிடம் கொடுக்கச் சொல்லி
தனித்தனியாகக் கேட்டார்.
என்ன குழம்பு என்றார்.
அதற்குப் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

மறுநாள் பையன் மணலுக்குப் போனான்.
நேவி வேண்டாமாம். மீன்பிடிக்கிறவனும் வேண்டாமாம்.
கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தான்.
ஜட்ஜு.
முள்ளுக்குள்ளே மூன்று பேர்.
விட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன்.
விளையாட்டுத்தானே, ஒரு சொல் போதும்.

'வாய்தா' என்றான். 'பதினாலு நாள்.'

பாசியைக் கிளறிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.
கதவுக்குப் பின்னாலிருந்து
எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

பிறகு பெட்டியைவிட்டு இறங்கிப் போய்
முள் கீறாமல் இடுக்கில் கையை நீட்டி
ஆளுக்குக் கொஞ்சம் பொரிகடலை கொடுத்தான்.
'சாப்பிட்டியா? என்ன கொழம்பு?'
நண்டு என்றான் ஒருத்தன்.
பருப்பு என்றான் ஒருத்தன்.
டார்வின் மட்டும் வாய் திறக்கவில்லை.
அவன் அப்பாவும் அதே படகு.
ரெனிஸ்டன் கொஞ்ச நேரம் பார்த்தான்.
பையிலிருந்து பந்தை எடுத்து
அவன் கையில் வைத்துவிட்டுப்
பெட்டிக்குத் திரும்பினான்.

பாசி இன்னும் ஈரம். நாளைக்கும் காயணும்.
ஜெனோவா சோற்றுக்குக் கூப்பிட்டாள்.
ஜட்ஜு முதலில் ஓடினார்.
பின்னாலேயே கைதிகள்,
முள்ளைத் தாண்டிக் குதித்து,
வாய்தா முடியாமலே.