மூவாயிரம் மீட்டர் வரை

பெட்டியின் அடியில், எறும்பு எழுத்தில்,
அந்த வரி இருந்திருக்கிறது:
இயங்கும் உயரம், மூவாயிரம் மீட்டர் வரை.
எல் ஆல்டோ நாலாயிரத்துக்கும் மேலே.
எங்கள் ஊரின் நாய்க்குக்கூடப்
பொருந்தாத வரி.

ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு முனை
தட்டைத் தொடாமல் மிதக்கிறதாம்.
மிதக்கக் காற்று வேண்டுமாம்.
வில்மர் இதைச் சொல்லவில்லை. விற்றவன் அவன்.
போன பிப்ரவரியில் டிக், டிக் என்றது,
கோழி தகரத்தைக் கொத்துவதுபோல.
அதோடு போயிற்று
முந்நூறு பேர் ஆடிய மொரெனாடா,
இரண்டு ஞானஸ்நானம், கூரை போட்டதற்கு ஒரு விருந்து.

இந்த வியாழன் மறுபடியும் அவன் கடைமுன்.
பாவாடை மடிப்பில் ஒன்பதாயிரம் பொலிவியானோ.
"பெரிய கிராபிக்ஸ் கார்டா எடுங்க, தோன்யா டெல்ஃபினா,
கேமெல்லாம் பறக்கும்."
நான் விளையாடுகிறவள் இல்லை. வெட்டுகிறவள்.
ஆடிய ஒவ்வொருத்திக்கும் மூன்று விநாடி முகம்;
ஒருத்தி விடுபட்டால் அடுத்த வருடம்
வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ரசீதின் முதுகில் கணக்குப் போட்டேன்.
கார்டு ஒரு படி கீழே.
ராம் அறுபத்து நாலு, இதில் பேச்சே கிடையாது.
பிராசஸர் போன வருடத்தது, போதும்.
கலர் விளக்கு எரியும் ராம்தான் மலிவு என்றான்.
எரிந்துவிட்டுப் போகட்டும்.
சுழலாத டிஸ்க் இரண்டு:
ஒன்றில் வேலை, ஒன்றில் அதன் நிழல்.
ஃபேன் ஐந்து. சிரித்தான்.
காற்று மெலிந்த ஊரில்
மூன்று சுற்றினால் இரண்டின் வேலைதான் நடக்கும்.

பவர் சப்ளைக்குக் காசு எட்டவில்லை.
கடன் சொன்னேன்.
வில்மர் வானத்தைப் பார்த்தான்.
செத்த டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தேன்.
பேச்சு முடிந்தது.

கேபிள் காரில் மடியில் பெட்டி.
"அடுப்பா?" என்றார் எதிரில் இருந்தவர்.
ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பசிலியா சிர்பா வந்தாள்,
எல்லா ஞாயிறும் வருவதுபோல.
அவள் புருஷன் மூன்றாம் வரிசை, கடைசி ஆள்.
ஆடி இரண்டு மாதத்தில் லாரி கவிழ்ந்தது.
அவன் இருந்தது அந்த டிஸ்க்கில்.
பசிலியா என்னைத் திட்டியதில்லை.
திட்டினால் தேவலை.

பேண்டுக்காரர்களில் ஒருவனின் மைத்துனன்
தன் கேமராவில் எடுத்த நாலு மணி நேரம்
எப்படியோ கைக்கு வந்திருந்தது.
பழைய கணினியில் அது விக்கும்;
எட்டு சட்டகத்தை விழுங்கி ஒன்பதாவதைத் துப்பும்.
இது விக்கவில்லை.
ட்ரம்பெட். ட்ரம்பெட். ஒரு நாய்.
கன்னம் உப்பிய டியூபாக்காரன்.

"நிறுத்து."

நின்றது. அங்கேயே நின்றது.

ஓரத்தில் ஒரு முழங்கை,
கிலுகிலுப்பையின் பாதி.
பதினொரு சட்டகம். அரை விநாடிகூட இல்லை.
"அந்தக் கை பிரிஞ்ச இடத்துல
வெள்ளை நூல் போட்டேன்," என்றாள்.
"கறுப்பு தீர்ந்துபோச்சு."

நீட்டலாம். இடைச் சட்டகங்களை
இந்தக் கார்டு தானே வரைந்துகொள்ளும்.
பதினொன்றை நூறாக்கும்,
வராத தோளையும் வரவைக்கும்.
சொல்ல வாயெடுப்பதற்குள்
"மறுபடி போடு" என்றாள்.

போட்டேன்.
மறுபடி. மறுபடி.
ஐந்து ஃபேனும் மூச்சிரைத்தன,
கீழ்நாட்டிலிருந்து அன்றைக்குத்தான் ஏறி வந்தவர்கள்போல.

கடைசியில், சால்வையைச் சரிசெய்தபடி,
"இது என்ன விலை ஆச்சு?" என்று கேட்டாள்.
இரண்டாயிரம் குறைத்துச் சொன்னேன்.