இசைவு

மன்றத்துக்கு மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு.
அதற்குள் நான், ஒரு ஒலிவாங்கி,
மூடி போட்ட குவளையில் பார்லித் தண்ணீர்.
தமிழ் அலைவரிசையில் இன்று எத்தனை காதுகளோ!
ஒரு காதும் இல்லாத நாள் உண்டு.
அன்றும் பேசியாக வேண்டும்.

பழைய புளோக்குகளின் மின்தூக்கிகளுக்காகக்
கூடுதல் செலவு மசோதா. இரண்டாம் வாசிப்பு.
அமைச்சர் குவா எழுகிறார்,
இரண்டு சொல் பின்தங்கி நானும் எழுகிறேன்,
உட்கார்ந்தபடியே.
ஒன்று, ஐந்து, ஒன்பது என்று
மாடி தாண்டி மாடி நிற்கும் மின்தூக்கிகள்
இனி எல்லா மாடியிலும் நிற்கும் என்கிறோம்.

எதிர்வரிசையில் ரொஸ்னா:
"தோ பாயோவில், நான்காம் மாடியில், திருமதி ஓங்.
டயாலிசிஸுக்கு வாரம் மூன்று தடவை
நாற்காலியோடு தூக்கி இறக்குகிறார்கள்.
பணம் வந்ததா, போனதா,
ஆண்டுதோறும் இந்த மன்றத்தில்
யார் கணக்குச் சொல்வார்?"

கேள்வியும் என் வாயில், பதிலும் என் வாயில்.
குரலை மாற்றக்கூடாது,
பக்கம் சாயக்கூடாது.
நாலு வருடமாக ரொஸ்னா இதையே கேட்கிறார்.
நாலு வருடமாக நான் இதையே
தமிழில் கேட்கிறேன்.

பணம் இந்த வருடத்துப் பணம் அல்ல.
முன்பிருந்தவர்கள் தொடாமல் வைத்துவிட்டுப் போன இருப்பு.
அதற்குச் சாவி இரண்டு.
ஒன்று இங்கே, இந்தக் கைகளின் கூட்டத்தில்.
மற்றது ஆர்ச்சர்ட் சாலையில்,
காவலர் தாண்டி, புல்மேடு ஏறி,
இஸ்தானாவில் ஒரு மேசையில்.

"அதிபருக்கு என்ன வேலை, கையெழுத்துத்தானே"
என்பார் காலையில் என்னை இறக்கிவிடும் டாக்சிக்காரர்.
நானும் மறுத்ததில்லை.
செயலகத்துக் குணாளன்தான் சொன்னான்,
கேன்டீனில், கோப்பி ஆறிக்கொண்டிருக்க:
மசோதா மன்றத்துக்கு வருமுன்பே
கோப்பு மேட்டுக்கு ஏறிவிட்டதாம்.
மூன்றாம் நாள் இறங்கியபோது
பக்கம் ஏழின் ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி:
எப்போது திருப்பி வைப்பீர்கள்?
அதன் கீழே, இன்னும் சிறிதாக,
அதுவரை யாரிடம் கணக்கு?

சீனப் புத்தாண்டுக்கு முந்தின இரவு
கருவூலத்தில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.
ஆரஞ்சுப் பழங்கள் பெட்டியிலேயே கிடந்தன.
மறுபடி ஏறிய கோப்பு இளைத்திருந்தது,
ஒரு விதி மட்டும் கூடி.

இப்போது அந்த விதியைத்தான்
அமைச்சர் தம்முடையதுபோல் வாசிக்கிறார்:
"ஆண்டுதோறும் மன்றத்தில் கணக்கு வைக்கப்படும்."
என் நாக்கு ஒரு கணம் நின்றது.
அலைவரிசையில் ஒரு வெற்றிடம்.
கீழே ரொஸ்னா தலை நிமிரவில்லை.
பக்கத்தைத் திருப்பினார், அவ்வளவுதான்.
பென்சிலும் அவரும் சந்தித்ததே இல்லை.

மூன்றாம் வாசிப்பு.
ஆம் என்போர்? ஆம்.
இல்லை என்போர்? ஏசியின் முனகல்.
ஆம் என்போரே அதிகம் என எண்ணுகிறேன்,
என்றார் நாயகர். என்றேன்.

மன்றம் கலைந்தபின் என் சொற்பட்டியலைத் திறந்தேன்.
அதிபர் தருவதற்கு
ஒப்புதல் என்று எழுதியிருந்தேன் இத்தனை நாளும்.
ஒப்புவிக்கும் பிள்ளையின் வாடை அதில்.
சம்மதம், கல்யாண வீட்டுச் சொல்.
இசைவு என்று எழுதிப் பார்த்தேன்.
இரண்டு பேர் வேண்டும் அதற்கு,
இரண்டு சுருதி வேண்டும்,
ஒன்று கொஞ்சம் தயங்கவும் வேண்டும்.
அழிக்காமல் விட்டேன்.

கையெழுத்துக்குக் குணாளன்தான் கொண்டுபோனான்.
அட்டவணை வரைக்கும் வாசித்தாராம்,
இவன் நின்றுகொண்டே இருந்தானாம்.
மை காயும்வரை யாரும் பேசவில்லையாம்.

நான் ஆறாம் மாடி.
ஐந்தில் இறங்கி ஒரு மாடி ஏறுவேன்,
எனக்கு அது உடற்பயிற்சி.

அரசிதழில் வெள்ளிக்கிழமை வந்தது.
முதல் மின்தூக்கிக்குப் பதினெட்டு மாதம் ஆகும்.
வெள்ளிக்கிழமை
திருமதி ஓங்குக்கு டயாலிசிஸ் நாள்.