பாதி 'வ'

என் தட்டச்சுப் பொறியில் 'வ' பாதிதான் விழும்.
மாற்று எழுத்துக்கு எழுதிப் போட்டு மூன்று வருஷம்.
கௌனஸ் நகரில் அப்போது ரிப்பன் கிடைப்பதே பெரும்பாடு.

ஸிக்மாஸ் கொண்டுவந்த கதையில் ஒரு கப்பல்,
பதினொரு பேர், சூரியன் எட்டாத ஒரு கோள்.
அங்கே பனிக்கடியில் ஏதோ ஒன்று
அவர்கள் வாய் திறக்குமுன்பே கேட்டுக்கொள்கிறது.
பன்னிரண்டாம் அத்தியாயத்தில் எஞ்சின்காரன்
மண்டியிடுகிறான், ஏனென்று தெரியாமல்.
அதற்கு ஸிக்மாஸ் வைத்த பெயர்
எங்கள் மொழியில் ஆறெழுத்து. நடுவே ஒரு 'வ'.
ஓங்கி ஓங்கித் தட்டிப் பார்த்தேன்.
ஒவ்வொரு தடவையும்
பாதிக் கடவுள்தான் விழுந்தார்.

தணிக்கைக்குப் போனது. திரும்பியது.
நாற்பத்தோரு இடங்களில் சிவப்புப் பென்சில்.
அழுத்தி அடித்ததில் அங்கங்கே தாள் கிழிந்து
அடுத்த பக்கத்து வானம் தெரிந்தது.
ஓரத்தில் ப்ரோனே அம்மாளின் குண்டு கையெழுத்து:
"விண்வெளியில் இது இல்லை. போய்ப் பார்த்தாயிற்று."

ஸிக்மாஸ் சிரித்தான். கும்பிடுகிற ஆள் இல்லை அவன்.
"கேப்டனுக்கு மேலே ஒருத்தர் வேணும், கதைக்கு.
அவ்வளவுதான்."
பீட்ரூட் சூப்பை உறிஞ்சிக்கொண்டே
நாற்பத்தோரு இடத்திலும் எழுதினான்:
ஒன்பதாம் கோளின் பெருங்கணிப்பொறி.

பொறியென்றால் பரவாயில்லையாம்.
பொறி எங்கும் இருக்கலாம், எல்லாம் அறியலாம்,
விழுகிற குருவியின் எடையைக் கிராமில் சொல்லலாம்.
மன்னிக்கக்கூடச் செய்யலாம், மின்சாரம் இருக்கும்வரை.
முத்திரை குத்தி அனுப்பினார்கள்: அறிவியல்.

பதினைந்தாயிரம் பிரதி. நாலே நாளில் தீர்ந்தது.
பிறகு கடிதங்கள்.
க்ளைபேடா துறைமுகத்துக் கிரேன் ஓட்டுநர்
பொறிக்கு எத்தனை வால்வு என்று கேட்டிருந்தார்,
அடுத்த வரியிலேயே,
குடிகாரர்கள் பேசினாலும் அது கேட்குமா என்று.
ஒரு பள்ளி ஆசிரியை எதையும் கேட்கவில்லை.
மெழுகுவர்த்தி ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி அனுப்பியிருந்தாள்.
மின்வெட்டுக்கு ஆகுமென்று எடுத்துவைத்தான் ஸிக்மாஸ்.
ஏற்றவில்லை. எத்தனையோ மின்வெட்டு வந்தும்.

பிப்ரவரி. நேமுனஸ் ஆறு கல்லாய்க் கிடந்த இரவில்
கதவைத் தட்டியது ப்ரோனே அம்மாள்.
கார்பன் தாள்களை அவசரமாய் அடுப்பருகே தள்ளினேன்.
பார்த்தும் பாராதவளாய் உட்கார்ந்தாள்.
பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் ஓடியது.
பையிலிருந்து புத்தகம். பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு:
பனியில் தொலைந்த மாலுமியை
அந்தப் பொறி பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம்.

"இதனிடம் பட்டியல் இருக்கிறதா?"
"எந்தப் பட்டியல்?"
"நாற்பத்தொன்பதில் ரயிலில் ஏற்றினார்களே, அவர்களுடைய."

அம்மா, இது கதை என்றேன்.
"தெரியும். நான்தானே அனுமதித்தேன்."

கெட்டிலில் தண்ணீர் வற்றும்வரை ஒன்றும் பேசவில்லை.
தம்பியாம். பதினாறு வயது. விலியுஸ்.
கையுறையில் ஒன்றை மேஜையிலேயே விட்டுப் போனவன்.
உடன்பிறந்தோர் என்ற கட்டத்தில்
'இல்லை' என்று எழுதித்தான்
இந்த வேலையே கிடைத்ததாம்.

இரண்டாம் பதிப்புக்கு மறுபடி தட்டினேன்.
பொறியின் நினைவகத்தில் விண்மீன்களின் பெயர்கள்
மூன்று பக்கத்துக்கு வரும். யாரும் வாசிக்காத பக்கங்கள்.
நடுவில் ஒரு பெயரை நுழைத்தேன்.
'வ' வழக்கம்போலப் பாதி விழுந்தது.

சரிபார்க்கும்போது ஸிக்மாஸின் விரல் அங்கே நின்றது.
"இப்படி ஒரு நட்சத்திரமா?"
பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்தான்.
பிறகு பக்கத்தைத் திருப்பினான்.

தணிக்கையிலிருந்து வந்த பிரதியில்
எங்குமே கீறல் இல்லை.
அந்த ஒரு பெயரில் மட்டும்
விழாத பாதி 'வ'வை
சிவப்புப் பென்சிலால்
யாரோ இழுத்து முழுதாக்கியிருந்தார்கள்.