கடைமடை மொழிபெயர்ப்பு

நாகப்பட்டினம் எஸ்.பி. ஆபீசில்
மாடியேறி இடப்பக்கம் மூன்றாவது மேசை.
ஏட்டையா பெயர் கேட்டார்.
தாம் என்றேன்.
"தாம்னா யாரு, உங்க வீட்டுக்காரரா?"
இல்லை, நான்தான்.
என் மொழியில் அது ஒரு சிவப்பு,
மிளகாய் வற்றலாகும் முன் கடைசியாக வருகிற சிவப்பு.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
தங்கும் காரணம் என்ற கட்டம் இருந்தது.
கணவர் என்று எழுதினேன்.
"அவர் எங்க?"
சிங்கப்பூரில்.
ஏட்டையா பேனாவை மூடி வைத்துவிட்டு
டீ சொல்லப் போனார்.

தலைஞாயிற்றில் பெயர்ச் சிக்கலே இல்லை.
இரண்டே நாளில் தாமரை ஆக்கிவிட்டார்கள்.
மளிகைக்கடையில் மட்டும் சீனாக்காரி.
வியட்நாம் என்று சொல்லிப் பார்த்தேன்.
"அதான், அந்தப் பக்கம்" என்று
கடைக்காரர் கையை வீசினார்
கோடியக்கரைக்கு நேராக.

அந்தப் பக்கத்திலும் ஆறு ஒன்பதாகப் பிரியும்,
கடைசி வாய்க்காலுக்கு
நல்ல தண்ணீருக்கு முன்னால் உப்பு வரும்.
உத்திராபதியிடம் நான் விழுந்ததே
கேன்டீன் வரிசையில் சோற்றை முகர்ந்து
"இது ரெண்டு வருசத்து அரிசி" என்று
அவர் முகம் சுளித்தபோதுதான்.
இப்போது அவர் அங்கே பெர்மிட்டில்,
நான் இங்கே விசாவில்.
எங்கள் வீட்டில் உள்ளூர்வாசி
பல்லி மட்டும்.

மேட்டூரில் திறந்து இருபத்தாறு நாள்.
அரிச்சந்திரா நதியில் இன்னும் ஆடுதான் மேய்கிறது.
வந்துவிடும் என்று நம்பி
கலியமூர்த்தி நடவாட்களை இறக்கிவிட்டார்,
முர்ஷிதாபாத்திலிருந்து பதினோரு பேர்,
நெல் கொள்முதல் கொட்டகையில் படுக்கை.
ஒருநாள் என் வாசலில் பைக்கை நிறுத்தினார்.
"தாமரை, உங்க ஆளுங்க வந்திருக்காங்க.
என்னமோ கத்துறானுங்க, புரியல.
வந்து கொஞ்சம் பேசிக் குடு."

என் ஆட்கள்.
எனக்கும் முர்ஷிதாபாத்துக்கும் நடுவே
எத்தனை மலை, எத்தனை எல்லை என்று
எனக்கே தெரியாது.
செருப்பை மாட்டிக்கொண்டு போனேன்.

ஹபிபுல் என்று ஒருவன் முன்னால் வந்தான்.
"அக்கா, போன வருசக் கூலி
ஆளுக்கு ஆயிரத்து நானூறு பாக்கி.
அதக் குடுத்தாத்தான் வயல்ல எறங்குவோம்."

தமிழில்.
என்னுடையதைவிட நல்ல தமிழில்,
இந்த ஊர் இழுவையோடு.

கலியமூர்த்தி என் பக்கம் திரும்பினார்.
"என்ன சொல்றான்?"

கொட்டகைத் தகரத்தின் மேல்
காக்கை ஒன்று
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துபோனது.

நான் மொழிபெயர்த்தேன்:
போன வருசக் கூலி. ஆளுக்கு ஆயிரத்து நானூறு.
"என்னது?"
இன்னொரு தரம் மொழிபெயர்த்தேன், மெதுவாக,
அதே சொற்கள், அதே வரிசை.
அவர் வாய்க்காலைப் பார்த்தார்,
கைபேசியைப் பார்த்தார்,
"தண்ணி வரட்டும், தர்றேன்னு சொல்லு."
சொன்னேன்.
"கேட்டுச்சுக்கா" என்றான் ஹபிபுல்.

நேற்று இரவு இரண்டு மணிக்கு வந்தது.
சத்தமே இல்லை. முதலில் வாடை,
பிறகு நுரை, ஒற்றைச் செருப்பு, பூச்சிமருந்து பாட்டில்,
அப்புறம் ஆகாயத்தாமரை,
கும்பல் கும்பலாக மடைப்பலகையில் முட்டி நின்றது.
அதுவும் எங்கிருந்தோ வந்ததாம்.
வருசா வருசம் பொக்லைன் வைத்து அள்ளிப் போடுகிறார்கள்,
வருசா வருசம் வருகிறது.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
முட்டளவில் இறங்கி
இளந்தண்டாகப் பார்த்து ஒடித்தேன்.
எங்கள் பக்கம் இறால் போட்டு வதக்குவோம்.
கரையில் நின்று அஞ்சம்மாள் கத்தினாள்:
"அடியே, மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும்டி!"
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"எண்ணெய் எவ்வளவு ஊத்துவ?"

தண்ணீர் வந்துவிட்டது.
விடிந்ததும் கொட்டகைக்குப் போக வேண்டும்,
மொழிபெயர்க்க.