பின்வாசல்

நாலாவது கோல் விழுந்த பிறகும்
நாற்காலியை விட்டு எழவில்லை அமலதாஸ் சார்.
கழுத்தில் விசில், கையில் டீ.
தேவகோட்டை ரஸ்தா மைதானத்துச் செம்மண்
எங்கள் பையன்களின் வெள்ளைச் சட்டையை
முதல் பாதியிலேயே பழுப்பாக்கிவிட்டது.
விழுந்து புரண்ட அழுக்கில்லை.
விழுந்திருந்தால் மன்னித்திருப்பேன்.
எதிராளி ஓடிக் கிளப்பிய புழுதி.

நான் இந்தக் கல்லூரியின் கணக்குப் பிரிவு.
வாழைப்பழம், எலுமிச்சை, கட்டுத்துணி,
எல்லா வவுச்சரிலும் என் சுருக்கொப்பம்.
ஆறு வருடமாகப் புதன்கிழமை மூன்றரைக்கு
'பேங்குக்குப் போயிட்டு வரேன்' என்று கிளம்பி
தண்ணீர்த் தொட்டிமேல் வந்து உட்காருகிறேன்.
அந்நேரம் கேஷ் கவுண்டர் இருக்காது என்பது
சூப்பரிண்டெண்டுக்கும் தெரியும்.

எங்கள் டிஃபன்ஸைப் பார்க்க வேண்டுமா?
கானாடுகாத்தானில் ஏதாவது ஒரு பெரிய வீட்டின்
முகப்பில் நின்று உள்ளே பாருங்கள்.
வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று
வாசலுக்கு நேராக வாசல் திறந்து
அடுத்த தெருவில் போகிற ஆடு தெரியும்.
பந்தோடு வருகிறவனுக்கு
அப்படித் தெரிகிறது எங்கள் வலை.
அந்த வீட்டுக்காவது
பூட்டு என்று ஒன்று உண்டு.

ஸ்டாப்பர் சேவுகன் ஆறடி.
ஓட வேண்டிய நேரத்தில் கை தூக்குகிறான்.
அவனைப் பார்த்து இன்னும் இரண்டு கை.
ஆஃப்சைடாம்.
கொடி இறங்கியே இருக்கிறது.
நிறுத்தத்தில் நிற்காத அறந்தாங்கி பஸ் மாதிரி
தூக்கிய கைகளைத் தாண்டிப்
போய்விட்டது பந்து.

"கையைத் தூக்குறதுக்கு முன்னாடி காலைத் தூக்குடா!"
கத்தியது நான்தான்.
எதிரணிக் கோல்கீப்பர் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.
பாவம், அவனுக்கும் பொழுது போக வேண்டாமா?

சென்னை முகாமில் மூன்று நாள் கற்ற வித்தை இது.
பயணப்படி இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது,
பாஸ் செய்ததும் நான்.
சிவகங்கையிடம் ஐந்து வாங்கியபோதும் இதே பொறி.
புதுக்கோட்டையிடம் மழையில் மூன்று வாங்கியபோதும்.
எலி சிக்காத பொறியை
இடம் மாற்றிக்கூட வைக்க மாட்டார்.

கை தூக்காதவன் ஒருவன்தான், நைனா முகமது.
ஒவ்வொரு தடவையும் திரும்பி ஓடினான்.
ஒன்றைக் கோட்டில் வைத்துத் தடுத்தான்.
அவனைத்தான் வெளியே கூப்பிட்டார் சார்.
"நீ பின்னாடி நின்னதாலதான்டா ஆஃப்சைடு கெட்டுது."

விதிப்படி அது சரி.
அதனால்தான் எனக்கு இன்னும் எரிகிறது.

நைனா தொட்டிக்குக் கீழே வந்து உட்கார்ந்தான்.
காலுறைக்குள்ளிருந்து உருவிப் போட்டான்
ரெக்கார்டு நோட்டின் அட்டையை.
அவனுக்குக் கணுக்கால் காப்பு அதுதான்.
அதற்கு ஒரு வவுச்சரும் வந்ததில்லை.
"ஓடுனது தப்பாக்கா?"
உரித்த வாழைப்பழத்தை நீட்டினேன்.
ஐந்தாவதை நாங்கள் பார்க்கவில்லை.
விசில் மட்டும் கேட்டது.

காலையில் மேசைமேல் ஒரு கோப்பு:
பயிற்றுநர், பணி நீட்டிப்பு, மேலும் ஓராண்டு.
முதல்வர் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார்.
அடியில் குண்டூசி குத்திய பில்:
கூம்பு பன்னிரண்டு, விசில் ஒன்று.

நீட்டிப்பைத் தட்டச்சு செய்தேன், ஒரு பிழையில்லாமல்.
விசிலை மட்டும்
சிவப்பு மையில் சுழித்து எழுதினேன்:
'பழையது என்ன ஆயிற்று? விளக்கம் தேவை.'

வரும் புதன் ராமநாதபுரத்தோடு.
பேங்கில் எனக்கு வேலை இருக்கிறது.