வெறும் வண்டி

பக்கப்பலகை இல்லாத லொறியில்
கயிறுதான் சுவர்.
தம்பட்டை வட்டைக்குள் ஏற்றும்போதே
நூற்றைம்பத்தெட்டு மூட்டையையும்
கல்லுக்கட்டு மாதிரி மாற்றி மாற்றி அடுக்கச் சொன்னேன்,
வாய் உள்ளுக்கு, அடி வெளிக்கு.
படங்கை இழுத்துப் போர்த்தி
குறுக்கே ஏழு தரம் கயிறெறிந்தேன்.
கிளீனர் ரொஷாந்தனுக்குக் காய்ச்சல்.
மறுபக்கம் பிடிக்க ஆளில்லை;
நேசம்மாதான் பிடித்தா,
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
தன் வேளாண்மையைத் தானே கட்டினா.

கட்டின கயிறு கட்டினபடி நிற்காது.
ஓடும் வண்டியில் நெல் உட்காரும்,
நெல் உட்கார்ந்தால் முடிச்சு பொய் சொல்லும்.
களியோடைப் பாலம் தாண்டி நிறுத்தி
விரலால் சுண்டிப் பார்த்தேன்.
ஆறு கயிறு பதில் சொன்னது.
ஏழாவது பேசாமல் கிடந்தது.
காலை டயரில் ஊன்றி இழுத்ததில்
உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று.

சம்மாந்துறை மில்.
தராசுத் தட்டில் வண்டியை விட்டு
கை கழுவக் குழாயடிக்குப் போனேன்.
பதினாறாயிரத்து நானூற்றெண்பது.

மூட்டை இறங்கியது.
படங்கையும் கயிற்றையும் மேலே எறிந்துவிட்டு
வெறும் வண்டியைத் திரும்பத் தட்டில் ஏற்றினேன்.
வெயில். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து
உள்ளேயே இருந்துவிட்டேன்.
ஆறாயிரத்து நூற்றிருபது.
நேசம்மா துண்டைத் தூரப் பிடித்து வாசித்து
நாலாய் மடித்தா.

கயிற்றைச் சுருட்டும்போதுதான் உறைத்தது.
நெல்லோடு நிறுக்கையில் நான் தரையில்.
நெல்லில்லாமல் நிறுக்கையில் நான் வண்டியில்.
யாரும் களவெடுக்கவில்லை.
ஆனால் அவவின் நெல்லில்
ஒரு முழு ஆள் கழிந்திருக்கிறான்,
சாரன், செருப்பு, மடியிலிருந்த வெற்றிலை உட்பட.

கிளார்க்கிடம் சொன்னேன்.
"என்னகா முபாரிஸ், பின்னால பதினொரு லொறி நிக்குது."
நின்றன. ஒருவன் ஹோனில் வைத்த கையை
எடுக்கவேயில்லை.
ஏற்றினேன், இறங்கினேன்,
மதிலோரம் போய் நின்றேன்,
என் நிழல்கூடத் தட்டில் விழாத தூரம்.

ஆறாயிரத்து நாற்பது.

போன மாதம் கல்முனை ஆஸ்பத்திரியில்
நான் எழுபத்துநாலு.
இந்தத் தராசுக்கு
இருபது இருபதாய்த்தான் எண்ணத் தெரியும்.
மிச்சம் ஆறு கிலோ யாரென்று
கிளார்க் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நேசம்மா புதுத் துண்டை வாங்கினா,
பழையதையும் விடவில்லை.
"ரெண்டும் இருக்கட்டும் தம்பி."
கூலியை இரண்டு தரம் எண்ணித் தந்தா;
பேசினதுக்கு ஒரு ரூபாய் கூட இல்லை,
குறையவும் இல்லை.

பாரமில்லாத லொறி துள்ளும்.
நிந்தவூர் வரைக்கும் பின்னால்
கயிற்றுச் சுருள் அங்குமிங்கும் உருண்டது.
நிறுத்தி
அதையும் கட்டினேன்.